ஆண்டர்சன் தெரு அட்டையும் ஐந்து அறைப் பெட்டியும்

படித்தது மறக்காமல் இருக்க, கேள்வியும் பதிலும் எழுதி என்னை நானே கேட்டுப் பார்க்கும் அட்டைகளும் அதற்கான பெட்டியும்தான் இந்த விமர்சனம். இந்தப் பொருளை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஷீட்டாக வாங்கி அங்கேயே வெட்டிய ஆயிரம் அட்டை. திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடையில் சொல்லிச் செய்த, ஐந்து அறை வைத்த பெட்டி. அட்டைக்கு வெட்டுக்கூலியோடு 370 ரூபாய், பெட்டிக்கு 350. ஆக 720 ரூபாய். 2025 அக்டோபர் 2, விஜயதசமி அன்று முதல் அட்டையை எழுதினேன். இப்போது 2026 மார்ச். ஊருக்குப் போன நான்கு நாள் தவிர ஒரு நாளும் விடவில்லை. ஐந்து மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான் மேற்கு மாம்பலத்தில் வரி ஆலோசகர். பி.காம். முடித்து ஒரு ஆடிட்டரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன்; பிறகு சொந்தமாகப் பதினாறு வருடம். தி.நகர் பாத்திரக் கடை, அசோக் நகர் ஸ்கேன் சென்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று நூற்றுப் பத்துப் பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். சட்டம் மாறினால் நானும் மாற வேண்டும். அதுதான் என் பிழைப்பு.

இதை ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்டில் ஸ்கேன் சென்டர்காரர் போன் செய்தார். "மேடம், வாரம் ரெண்டு நாள் வர்ற டாக்டருக்கு ஏப்ரல்ல இருந்து மொத்தம் 42,000 குடுத்திருக்கோம். டி.டி.எஸ். பிடிக்கணுமா?" பணம் கொடுக்கும்போதே ஒரு பங்கைப் பிடித்து வரியாக அரசுக்குக் கட்டுவதுதான் டி.டி.எஸ். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "30,000 தாண்டிடுச்சே, பத்து பர்சென்ட் பிடிச்சிடுங்க" என்றேன். அவரும் 4,200 ரூபாய் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டியும் விட்டார். டாக்டரின் ஆடிட்டர் பார்த்துவிட்டுக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தொழில்முறைக் கட்டணத்துக்கான வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 50,000. அந்த டாக்டருக்குப் பிடித்திருக்கவே கூடாது. அவர் பணம் இப்போது ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாக வர வேண்டும். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிரவு அலமாரியைத் திறந்து பட்ஜெட் கருத்தரங்கு ஃபைலை எடுத்தேன். பிப்ரவரியில், தி.நகரில் ஒரு ஹோட்டல் ஹாலில், சாப்பாட்டோடு 2,500 ரூபாய் கொடுத்து உட்கார்ந்த கருத்தரங்கு. பதினோராம் பக்கத்தில் இருக்கிறது: 194ஜே (தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு), 30,000-லிருந்து 50,000. மஞ்சள் ஹைலைட்டர் போட்டிருக்கிறேன். பக்கத்தில் 'முக்கியம்' என்று என் கையெழுத்து. கீழே இரண்டு கோடு.

அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயமாக இருந்தால் மனசு ஆறியிருக்கும். படித்தேன், கோடு போட்டேன், ஆனால் கேட்ட நேரத்தில் வாய்க்கு வரவில்லை. 2010 ஜூலையிலிருந்து பதினைந்து வருடம் '30,000, 30,000' என்று சொல்லிப் பழகிய நாக்கு, புதிய எண்ணை முந்திக்கொண்டது. அனுபவம் உள்ளவர்களுக்கு இதுதான் ஆபத்து. புதிதாக வருகிறவன் தெரியவில்லை என்றால் புத்தகத்தைப் புரட்டுவான். நமக்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. அது பழசு என்று அந்த நேரத்தில் நமக்கே தெரிவதில்லை.

இருபத்திரண்டு வருடமாக நான் படித்த விதம் ஒன்றுதான். கருத்தரங்குக்குப் போவது, ஃபைல் வாங்கி வருவது, கோடு போடுவது, வாட்ஸப் குழுவில் வரும் பி.டி.எஃப்.களைச் சேமிப்பது, தேதி நெருங்கும்போது எல்லாவற்றையும் இன்னொரு தரம் வாசிப்பது. நடுவில் ஒரு வீடியோ கோர்ஸுக்கு 7,999 ரூபாய் கட்டினேன். இரவு பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். பேசுகிறவர் நன்றாகச் சொல்லுவார். எனக்கும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மூன்று வாரம் கழித்து அதிலிருந்து ஒரு கேள்வி வந்தால், 'பார்த்திருக்கிறேனே' என்பது மட்டும்தான் ஞாபகம் வரும்.

எம்.டி. படிக்கும் என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது இதைச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "சித்தி, நீங்க படிக்கிறீங்க. ஆனா உங்களை யாரும் கேள்வி கேக்கறதில்ல. கிளையண்ட் கேக்கறதுதான் முதல் தடவை. அப்போதான் தப்பு வருது." அவன்தான் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னான். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மனியில் 1972-ல் எழுதி வைத்த முறை. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும். பதில் சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால், அது எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கே வரும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும்; பின்னால் போகப் போக இடைவெளி கூடும். நான் வைத்திருக்கும் கணக்கு: இரண்டாம் அறை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது பதினைந்து நாள், ஐந்தாவது மாதம் ஒருமுறை.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தானே என்று தோன்றியது. அவன் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னான். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் என்னை யோசிக்க வைத்தது. கருத்தரங்கு முடிந்து காபி குடிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவை நம்பித்தான் இத்தனை வருடம் ஃபைலை மூடி அலமாரியில் வைத்தேன்.

இனி பொருளைப் பற்றி.

சனிக்கிழமை காலை மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினேன். பாரிமுனை தாண்டி என்.எஸ்.சி. போஸ் சாலையில் நடந்தால் ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்களுக்குத் தெரிந்த தெரு. காகிதத்துக்கு இதைவிட நல்ல இடம் சென்னையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நான் நுழைந்த கடையில் கல்லாவுக்கு எதிரே ஒரு பையன் நின்றான். "விசிட்டிங் கார்டாக்கா?" என்று கேட்டான். மூணுக்கு அஞ்சு இஞ்ச் அட்டை, ஒண்ணுமே அச்சடிக்காதது, ஆயிரம் வேணும் என்றேன். ஐவரி போர்டில் மூன்று தினுசு எடுத்துப் போட்டான். 170, 220, 300 ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். எண் கூடினால் அட்டை தடிமன்.

இங்கே ஒரு சோதனை செய்யுங்கள். அட்டையில் பேனாவால் நாலு எழுத்து எழுதி, டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். 170-ல் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிந்தது. பதில் தெரிந்துவிட்டால் அப்புறம் அட்டை எதற்கு? அதனால் 300 எடுத்தேன். அது என் தவறு. ஆயிரம் அட்டை மூன்று கிலோவுக்குப் பக்கம் வந்துவிட்டது, ரயிலில் கை வலித்தது. தடிமன் காரணமாகப் பெட்டியும் சீக்கிரம் நிறைந்தது. 220 போதும்; எழுத்தும் தெரியாது, பாதி இடம் மிச்சமில்லை என்றாலும் கால்வாசிக்கு மேல் மிச்சம்.

இருபத்து மூன்றுக்கு முப்பத்தாறு இஞ்ச் ஷீட்டில் நாற்பத்தொன்பது அட்டை விழும். இருபத்தொரு ஷீட் வாங்கினால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூடவே வரும். ஷீட்டை அடுக்கிக் கட்டிங் மெஷினில் வைத்து அந்தப் பையன் வெட்டிய அழகை நின்று பார்த்தேன். ஒரே அழுத்து, வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஓரம் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. இதே அளவுக் கோடு போட்ட அட்டை ஆன்லைனில் நூறு 180 ரூபாய் என்று பார்த்தேன். ஆயிரம் என்றால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஐவரி போர்டில் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். ஜெல் பேனாவில் எழுதினால் அந்தப் பக்கம் மை காய நேரமாகும், விரல் பட்டால் இழுக்கும். மழைக்கால ஈரத்தில் இது இன்னும் மோசம். சாதாரண பால் பாயிண்ட் பேனாவே சரி.

பெட்டிதான் இந்த விமர்சனத்தில் மதிப்பெண் குறையும் இடம். வேலை சுத்தம், கிரே போர்டில் மரூன் காலிகோ துணி ஒட்டி, மூலைகள் கூர்மையாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆனால் அளவு கொடுக்கும்போது 'மூணுக்கு அஞ்சு அட்டை' என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளளவை அட்டைக்குச் சரியாக வைத்துவிட்டார். அட்டை நிற்கும், ஆனால் விரலை விட்டு எடுக்க இடமில்லை. திரும்பக் கொண்டுபோனேன். முகம் சுளிக்காமல் பிரித்து, பக்கவாட்டில் அரை இஞ்ச் கூட்டி, முன்சுவரை இறக்கிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. நீங்கள் செய்யச் சொன்னால் அகலம் ஐந்தரை இஞ்ச், முன்சுவர் உயரம் இரண்டு இஞ்ச் என்று எழுதியே கொடுங்கள். முதல் அறையை மற்றவற்றைவிடப் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள், கூட்டம் அங்கேதான். பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். வெறும் மைதா பசை என்றால் கரப்பானும் பூச்சியும் தேடி வரும்.

இதுவரை 720 ரூபாய். அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் மூன்று வாரம் வீணானது.

அந்த ஆகஸ்டில்தான், 21-ஆம் தேதி, புதிய வருமானவரிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 1961-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 536 பிரிவு, 23 அத்தியாயம், 16 அட்டவணை. எல்.ஐ.சி., பி.எஃப். போட்டதற்கெல்லாம் '80சி' என்று சொல்லிச் சொல்லி அது தமிழ் வார்த்தை போலவே ஆகிவிட்டது. இனி அது 123. சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ். 192 என்பது 392. ஒப்பந்தக்காரருக்கு ஒன்று, கமிஷனுக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று என்று 194-க்குப் பின்னால் எழுத்து எழுத்தாக நின்றதெல்லாம் 393 என்ற ஒரே பிரிவின் அட்டவணைக்குள் போய்விட்டன. ரிட்டர்ன் தாக்கல் 139-லிருந்து 263. 'முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு' என்று கிளையண்டுகளுக்கு இருபத்திரண்டு வருடம் விளக்கியும் தீராத குழப்பம் போய், 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் பழசை மறக்கவும் முடியாது. 2026 ஜூலையில் போடும் ரிட்டர்ன் பழைய சட்டப்படி. ஏப்ரலில் பிடிக்கும் டி.டி.எஸ். புதிய சட்டப்படி. பழைய வருடங்களுக்கு வரும் நோட்டீஸ்கள் பழைய எண்ணோடுதான் வரும். இரண்டையும் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும், கலந்துவிடவும் கூடாது.

முதலில் நான் எழுதிய 140 அட்டைகளும் பள்ளிக்கூடப் பரீட்சைக் கேள்விகள். முன்பக்கம் 'பிரிவு 58 பற்றி எழுதுக'. பின்பக்கம் பொடி எழுத்தில் பதினாலு வரி. காலையில் எடுத்தால் பாதி ஞாபகம் வரும், பாதி வராது. சரியா தவறா என்று சொல்லவே முடியாது. சொல்ல முடியாததால் எல்லாவற்றையும் 'சரி' என்று இரண்டாம் அறையில் தள்ளினேன். அதாவது கோடு போட்ட அதே பழக்கம் அட்டைக்கும் வந்துவிட்டது. மூன்றாவது வாரம் 140-ஐயும் ரப்பர் பேண்ட் போட்டுக் குப்பைக் காகிதத்தோடு வைத்தேன்.

பிறகு ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி, ஒரே பதில் என்று வைத்தேன். அதைவிட முக்கியமாக, கேள்வியைச் சட்டம் கேட்கிற மாதிரி எழுதாமல் கிளையண்ட் போனில் கேட்கிற மாதிரி எழுதினேன். இப்போது என் பெட்டியில் உள்ள ஒரு அட்டை: 'பாத்திரக் கடை. விற்றுமுதல் 2 கோடியே 60 லட்சம். ரொக்க வசூல் 9 சதவீதம். அனுமான வருமானக் கணக்கில் போகலாமா?' பின்பக்கம்: 'கூடாது. 3 கோடி வரம்பு ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும். மீறினால் வரம்பு 2 கோடி. பழையது 44ஏடி, புதியது 58.' (முழுக் கணக்கு காட்டாமல், விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாக வைத்து வரி கட்டுவதுதான் அனுமான வருமானக் கணக்கு.) இன்னொன்று: 'புரோக்கருக்கு இந்த வருடம் கமிஷன் 18,000. பிடிக்கணுமா?' பின்பக்கம்: 'வேண்டாம். 20,000 வரை விடலாம். 15,000 என்று வாயில் வந்தால் நில்.' கடைசி வரி எனக்காகவே எழுதியது. அந்த அட்டை ஏழு தடவை முதல் அறைக்குத் திரும்பியிருக்கிறது.

தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு, பால் காய்ச்சி முடித்து, பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனதில்லை. முதல் மாதம் எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வாசிப்பது சுகமான வேலை. கண் ஓடும், தலை ஆடும். அட்டையைத் திருப்பாமல் பதிலைத் தேடுவது கஷ்டமாக இருக்கும். தெரிந்த ஒன்று வராதபோது அவமானமாகவும் இருக்கும். அந்தக் கஷ்டத்தில்தான் விஷயம் பதிகிறது என்று அக்கா மகன் சொன்னபோது நம்பவில்லை. ஜனவரியில் நம்பினேன். ஒரு கிளையண்டின் மகன், ஐந்து மாதம் முன் எனக்குச் சறுக்கிய அதே மாதிரிக் கேள்வியை வாடகையைப் பற்றிக் கேட்டான். மாதம் 50,000 என்று பதில் தானாக வந்தது. பழைய வருடக் கணக்கான 2 லட்சத்து 40 ஆயிரம் என் நாக்கின் பக்கமே வரவில்லை.

போன ஞாயிறு எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 430 அட்டை. ஐந்தாம் அறையில் 212. முதல் அறையில் 41. மீதி நடுவில். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு எண்ணாக நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இதனால் வராததும் இருக்கிறது. நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதை அட்டை கற்றுத்தராது. எந்தக் கிளையண்டிடம் எதை எப்படிச் சொல்வது என்பதும் வராது. ஒரு சிக்கலான சொத்து விற்பனையில் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது அட்டையில் அடங்காது. அதற்கு நான் வேறொன்று செய்கிறேன்: பழைய ஃபைலில் அந்த நோட்டீஸை மட்டும் எடுத்து, நான் அப்போது அனுப்பிய பதிலைப் பார்க்காமல் இன்று புதிதாக ஒன்று எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வாரம் ஒன்றுதான் முடிகிறது.

என் ஆபீஸில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் பெண் ஒரு நாள், "அக்கா, நான் கேக்கட்டா?" என்று பெட்டியை இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவள் இருபது அட்டை என்னைக் கேட்பாள், நான் அவளை இருபது கேட்பேன். தனியாகப் பார்க்கும்போது 'கிட்டத்தட்ட சரி' என்று நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்வோம். அவள் போட மாட்டாள். அதோடு, "அனுமான வருமானக் கணக்குல ஏன் அக்கா ரொக்கம்னா மட்டும் லாபம் எட்டு பர்சென்ட், பேங்க்ல வந்தா ஆறு?" என்று கேட்டாள். ரொக்கமில்லாத வியாபாரத்தை ஊக்கப்படுத்தத்தான் என்று சொல்லும்போதுதான், அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் 5 சதவீத நிபந்தனையும் தானாக ஞாபகம் நிற்கிறது என்று கண்டேன். இப்போது ஓரத்தில் 'ஏன்' என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

ஒருவரையொருவர் கேட்டுப் படிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. ஒவ்வொரு முறை ஆண்டர்சன் தெருவுக்குப் போகும்போதும் ரயில் எழும்பூரைத் தாண்டும். அங்கே இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு 1789-ல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மெட்ராஸில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். முன்னால் கற்ற பையனே பின்னால் வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் இங்கிலாந்தில் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் விழுந்தது. மணலில் எழுதினால் அடுத்த எழுத்துக்கு முன் அழிந்துவிடும். பார்த்துக்கொண்டே இருக்க முடியாது, மறுபடி நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். என் பாட்டியும் அப்படிப் படித்தவர்தான். எண்பது வயதில் கால், அரைக்கால், மாகாணி வாய்ப்பாடு தடங்கலின்றி வரும்.

இதே வேலையைச் செய்யும் செயலி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆங்கி என்று பெயர், ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று அர்த்தம், 2006-லிருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் இலவசம். என் அக்கா மகன் அதில்தான் ஆயிரக்கணக்கான அட்டை வைத்திருக்கிறான். எந்த அட்டை எந்த நாளில் வர வேண்டும் என்பதை அதுவே கணக்கிடுகிறது. மருத்துவம், மொழி, அரசுத் தேர்வு என்று நிறையப் படிக்கிறவர்களுக்கு அதுதான் சரி. ஐந்தாயிரம் அட்டைக்குப் பெட்டி செய்தால் வீட்டில் கட்டில் போட இடமிருக்காது. நான் இரண்டு வாரம் முயன்றேன். எனக்குப் போன் என்றால் கிளையண்ட். கையில் எடுத்த மூன்றாவது நிமிடம் யாராவது ஃபார்ம் 16 அனுப்புவார்கள். பெட்டிக்கு மணி அடிக்காது. அதோடு, கையால் எழுதும்போதே ஒரு தடவை யோசித்துவிடுகிறேன். எந்தக் கேள்வி அட்டைக்குத் தகுதி, எது வேண்டாம் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.

யாருக்கு இதைச் சொல்வேன்? என்னைப் போல ஒரே தொழிலில் பத்துப் பதினைந்து வருடம் ஓடியவர்களுக்கு. விலைப்பட்டியல், மருந்து அளவு, விதிமுறை, கோட் எண் என்று மாறிக்கொண்டே இருப்பவற்றோடு வேலை செய்பவர்களுக்கு. நர்ஸ் வேலை பார்க்கும் என் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். இதை வாங்கி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் மட்டும் வேண்டாம். அலமாரியில் என் பழைய ஃபைல்களுக்குப் பக்கத்தில் இதுவும் போய் உட்காரும். கருத்தரங்குக்கு நான் இப்போதும் போகிறேன், பிப்ரவரியிலும் போனேன். ஹைலைட்டர் கொண்டுபோகவில்லை. இருபது வெற்று அட்டை கைப்பையில் இருந்தது. இடைவேளையில் ஃபைலைப் பார்க்காமல் கேள்விகளை எழுதினேன். ஒன்பதுதான் வந்தது. மீதிக்காக மதியம் பேசியவரிடமே போய்க் கேட்டேன். இத்தனை வருடத்தில் பேச்சாளரிடம் நான் போய்க் கேட்டது அதுதான் முதல் முறை.

அட்டை தீரப்போகிறது. கெட்டுப்போனதும் கிழித்ததும் போக இருநூறுதான் மிச்சம். சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவோடு மறுபடி ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறோம். சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: 220 ஜி.எஸ்.எம்., நாற்பத்திரண்டு ஷீட், மூணுக்கு அஞ்சு, இரண்டு பங்காகக் கட்டித் தரவும்.